கண்முன்னே உட்கார்ந்தும் கண்ணில் படாத அந்துப்பூச்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் இரண்டு மூன்று நாள் மொட்டை மாடிக் கொடியில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, எதிரே பல்பை எரியவிட்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் அக்கம்பக்கத்தில் ஏதோ பரிகாரம் செய்கிறேன் என்று நினைத்தார்கள். பூச்சி பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கேள்விகள் வர ஆரம்பித்தன. பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பள்ளிப் பிள்ளைகள் கேட்பது மட்டும் கொஞ்சம் கடினமாக இருக்கும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் வாய் வலிக்காது.

அந்துப்பூச்சி, விட்டில், பட்டாம்பூச்சி: இதில் எது எது?

அரிசி டின்னைத் திறந்தால் பறக்குமே, சாம்பல் நிறத்தில் ஒரு பொடிப்பூச்சி, அதைத்தான் வீட்டில் அந்து என்போம். அந்தப் பெயரே அதன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து அந்துப்பூச்சி என்று ஆகிவிட்டது. விளக்கைச் சுற்றுவதை விட்டில் என்பதும் உண்டு. ஆனால் விட்டில் என்றால் வெட்டுக்கிளி என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். குழப்பம் வேண்டாம் என்று இங்கே அந்துப்பூச்சி என்றே எழுதுகிறேன்.

பட்டாம்பூச்சியும் அந்துப்பூச்சியும் ஒரே பூச்சி வரிசையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் இறக்கை முழுக்கச் செதில். அந்துப்பூச்சி வகைகள் சுமார் 1,60,000. பட்டாம்பூச்சிகள் சுமார் 18,000. அழகுக்காக நாம் கொண்டாடுவது சின்னக் கூட்டத்தைத்தான். அடையாளம் வேண்டுமென்றால் உணர்கொம்பைப் பாருங்கள். நுனியில் தீக்குச்சித் தலை மாதிரி தடித்திருந்தால் பட்டாம்பூச்சி. நூல் மாதிரியோ இறகு மாதிரியோ இருந்தால் அநேகமாக அந்துப்பூச்சி.

இரவில் பறக்கிற பூச்சிக்கு நிறம் எதற்கு? இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

இதைக் கேட்டது ஆறாம் வகுப்புப் படிக்கும் பையன். நல்ல கேள்வி.

நிறம் இரவுக்காக இல்லை, பகலுக்காக. இரவில் பறக்கும் பூச்சி பகல் முழுவதும் எங்காவது தூங்கியாக வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் அசையாமல், வெட்ட வெளிச்சத்தில். அந்த நேரத்தில்தான் மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி என்று கண்ணால் இரை தேடும் பறவைகள் எல்லாம் சுறுசுறுப்பாக இருக்கும். வீடு இல்லை, வளை இல்லை, கொட்டுவதற்குக் கொடுக்கு இல்லை. திறந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டே இல்லாதது போல இருக்க வேண்டும். இதைத்தான் அதன் இறக்கை செய்கிறது. ஆக, உருமறைப்பு என்பது பறப்பதோடு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. உட்காருவதோடு சம்பந்தப்பட்டது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதை நினைவில் வைத்திருந்தால் போதும்.

மரப்பட்டை நிறத்தில் இருந்தால் மறைந்துவிடலாம், அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டும் இல்லை. நிறம் பொருந்தினாலும் உருவத்தின் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். சாம்பல் நிறச் சுவரில் அதே சாம்பல் நிறத்தில் ஒரு முக்கோண அட்டையை ஒட்டிப் பாருங்கள், விளிம்பு எப்படியும் தெரியும். அதனால் பல பூச்சிகளின் கோலம் இறக்கையின் ஓரத்தில் போய் வெட்டுப்படும். ஒரு கரும்பட்டை ஓரத்தைத் தாண்டிப் போவது போல முடியும். பார்க்கிற கண்ணுக்கு முக்கோணம் தெரியாது, நாலைந்து தனித்தனித் துண்டுகள்தான் தெரியும்.

இதை இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஆட்கள் அழகாகச் சோதித்தார்கள். அந்துப்பூச்சி அளவில் காகித முக்கோணங்கள் வெட்டி, ஓக் மரப்பட்டையின் கோலத்தை அச்சிட்டார்கள். சிலவற்றில் கறைகள் ஓரத்தைத் தொடும்படி, சிலவற்றில் நடுவிலேயே நிற்கும்படி. உடம்புக்குப் பதிலாக ஒரு செத்த புழுவைச் செருகிக் காட்டில் மரங்களில் குத்திவிட்டு வந்தார்கள். பறவைகள் புழுவை எடுத்துக்கொண்டு போக, எந்தக் காகிதத்தில் புழு அதிக நேரம் மிஞ்சியது என்று எண்ணினார்கள். ஓரம் உடைந்த கோலம்தான் ஜெயித்தது. 2005-ல் வெளிவந்த ஆய்வு. ராணுவச் சீருடையில் திட்டுத் திட்டாகப் போடுவதும் இதே கணக்குத்தான். அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பறவைகளிடமே கேட்டுப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பின்னணியில் கரைந்து போகாமல், பறவைக்கு வேண்டாத ஒரு பொருளாக வேஷம் போடுவது. காய்ந்த இலை, ஒடிந்த குச்சி, பறவை எச்சம். பறவை பார்க்கும், ஆனால் சாப்பாடு என்று நினைக்காது.

வேஷம் போடுவதில் எது கெட்டிக்காரப் பூச்சி?

என் ஓட்டு யூரோபியா மெட்டிகுலோடினாவுக்கு. சீனா, தைவான், கொரியா, ஜப்பான் பக்கம் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் சுருண்டு கிடக்கும் காய்ந்த இலை என்று சத்தியம் செய்வீர்கள். ஆனால் அந்த இறக்கையில் சுருளே இல்லை. சுருண்ட இடத்தில் விழும் நிழல், மடிப்பின் விளிம்பில் படும் வெளிச்சம், நடு நரம்பு எல்லாமே மட்டமான இறக்கையின் மேல் செதிலால் வரைந்தவை. சினிமா பேனர் வரைகிறவர்கள் தட்டையான துணியில் மூக்கை எடுப்பாகக் காட்டுவார்களே, அதே வித்தை.

ஐரோப்பாவில் ஃபலேரா பியூசெஃபலா என்று ஒன்று. பிர்ச் மரக்குச்சியை ஒடித்துப் போட்டது மாதிரி இருக்கும். இறக்கையைச் சுருட்டி உடம்போடு வைத்துக்கொள்ளும். இறக்கை நுனியில் வெளிர் மஞ்சள் திட்டு, தலைப்பக்கமும் அதே நிறம். ஒடிந்த குச்சிக்கு இரண்டு முனையிலும் உள்மரம் தெரியுமல்லவா, அந்தக் கணக்கு.

வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்கிற மேக்ரோசிலிக்ஸ் மாயா இன்னும் ஒரு படி மேலே போகிறது. வெள்ளை இறக்கையில் ஒரு பறவை எச்சக் கறை, அதை இரண்டு பக்கமும் இரண்டு ஈக்கள் மொய்ப்பது போல ஓவியம். ஈ எதற்கு என்று எனக்கும் சிரிப்பு வந்தது.

நம் தோட்டத்திலேயே பார்க்க ஏதாவது இருக்கிறதா?

தாராளமாக. மாதுளை, சாத்துக்குடி போட்டவர்களைக் கேளுங்கள், பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியைப் பற்றி ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பார்கள். யூடோசிமா என்ற இனம். இரவில் வந்து தன் உறிஞ்சு குழலால் பழத்தைத் துளைத்துவிட்டுப் போகும். துளை வழியாக அழுகல் நுழையும். பகலில் இதைத் தேடினால் கிடைக்காது. முன் இறக்கை நரம்போடு கூடிய இலை மாதிரியே இருக்கும். அதை மூடிக்கொண்டு சருகுக்குள் சருகாக இருக்கும். புழுவோ பழத்தின் பக்கமே வராது. வேலியில் படரும் சீந்தில் கொடியில் இலை தின்றுகொண்டிருக்கும். பழத்தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வேலியைப் பார்க்காமல் விடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று அரளிப் பூச்சி. டாஃப்னிஸ் நெரியை என்பது அறிவியல் பெயர். பச்சை, ஆலிவ், லேசான ரோஜா நிறம் எல்லாம் அலை அலையாக ஓடும் பெரிய பூச்சி. வெள்ளை வேட்டியில் உட்கார்ந்தால் பட்டுப்புடவைத் துண்டு மாதிரி இருக்கும். அதையே இலைக்கூட்டத்துக்குள் விட்டால் இரண்டடி தூரத்தில் காணாமல் போகும். அதன் புழு அரளியிலும் நந்தியாவட்டையிலும் கிடைக்கும். இலைப் பச்சை உடம்பு, வாலில் ஒரு குட்டிக் கொம்பு. விரல் தடிமனுக்கு வளர்ந்தும் கண்ணில் படாது. நான் கண்டுபிடிப்பது அதன் எச்சத்தை வைத்துத்தான். செடிக்கடியில் மிளகு அளவில் கறுப்பு உருண்டைகள் கிடந்தால், நேராக மேலே பாருங்கள். தொந்தரவு செய்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, முன்பக்கம் இருக்கும் இரண்டு நீலக் கண்பொட்டுகளைப் புடைத்துக் காட்டும். மறைவது பலிக்கவில்லை என்றால் மிரட்டல்.

கூட்டுப்புழுவாகப் போகும் காலம் வந்ததும் இந்தப் பச்சைப் புழு பழுப்பாக மாறும். மண்ணுக்கு இறங்கப் போகிறது, இனிப் பச்சையாக இருந்து என்ன பயன்? புழுவுக்கு நோய் வந்து கறுத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு முறை நானே செய்திருக்கிறேன்.

பாடப்புத்தகத்தில் வரும் அந்தக் கறுப்பு வெள்ளைப் பூச்சி பற்றிச் சொல்லுங்கள்.

பிஸ்டன் பெட்டுலேரியா. நீட் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

வெள்ளை இறக்கையில் மிளகைத் தூவியது போலப் பொட்டுகள். இங்கிலாந்தில் மரத்தின் மேல் படரும் லைக்கன் என்ற வெளிர் நிறப் படலத்தில் உட்கார்ந்தால் தெரியாது. 1848-ல் மான்செஸ்டரில் முழுக்கறுப்பாக ஒன்று கிடைத்தது. அப்போது அது ஓர் அதிசயம். பருத்தி ஆலைகளின் ஊர் அது. நிலக்கரிப் புகை லைக்கனைக் கொன்று, மரத்தைக் கரியால் பூசிவிட்டது. 1895-ல் அதே ஊரில் கறுப்புப் பூச்சிகள் 98 சதவீதம். ஐம்பது வருடத்துக்குள் ஊரே மாறிவிட்டது. கரி படிந்த மரத்தில் வெள்ளைப் பூச்சியைப் பறவைகள் பொறுக்கித் தின்றிருக்கும் என்று டட் என்ற பூச்சியியலாளர் 1896-லேயே எழுதினார். 1924-ல் ஹால்டேன் என்ற மரபியலாளர் கணக்குப் போட்டுப் பார்த்து, இவ்வளவு வேகமாக மாற வேண்டுமானால் கறுப்புக்குப் பெரிய ஆதாயம் இருந்திருக்க வேண்டும் என்றார். இந்த ஹால்டேன் பிற்பாடு இந்தியாவுக்கே வந்து குடியேறி, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானவர்.

கெட்டில்வெல் என்பவர் 1953-ல் பர்மிங்காம் பக்கத்துப் புகை படிந்த காட்டில், பறவைகள்தான் காரணமா என்று நேரடியாகச் சோதித்தார். பூச்சிகளின் இறக்கைக்கு அடியில் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து விட்டுவிட்டு, பிறகு பொறி வைத்துப் பிடித்தார். கறுப்பில் 27.5 சதவீதம் திரும்பக் கிடைத்தது, வெள்ளையில் 13 சதவீதம்தான். இந்த வித்தியாசம் பறவைகளின் வேலை. 1955-ல் டார்செட்டில், புகையில்லாத காட்டில் இதையே செய்தபோது கணக்கு தலைகீழ்: வெள்ளை 12.5, கறுப்பு 6.3. அடுத்த வருடமே, 1956-ல், இங்கிலாந்தில் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை குறைய, மரங்கள் வெளுக்க, வெள்ளைப் பூச்சி திரும்பி வந்தது. இப்போது அங்கே கறுப்பைப் பார்ப்பதுதான் அரிது.

கறுப்பு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. லிவர்பூல் பல்கலைக்கழகக் குழு 2016-ல் கண்டுபிடித்தது. கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று, சுமார் 22,000 எழுத்து நீளத்தில், புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அது நடந்தது 1819 வாக்கில் என்று கணக்கிட்டார்கள். அதாவது முதல் கறுப்புப் பூச்சி மனிதர் கையில் கிடைப்பதற்கு முப்பது வருடம் முன்பு. ‘புகை பட்டுப் பூச்சி கறுத்தது’ என்று எழுதினால் மதிப்பெண் போகும். புகை பூச்சியைக் கறுப்பாக்கவில்லை. எங்கோ தற்செயலாகப் பிறந்த கறுப்பைப் புகை காப்பாற்றியது.

அந்தப் பரிசோதனை மோசடி, பூச்சிகளைப் பசை போட்டு ஒட்டிப் படமெடுத்தார்கள் என்கிறார்களே?

படங்கள் சில அப்படி எடுக்கப்பட்டவைதான். வெள்ளையையும் கறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதற்காக செத்த பூச்சிகளை மரத்தில் வைத்துப் படமெடுத்தார்கள். அது விளக்கப்படம், ஆய்வு முடிவு இல்லை. எண்கள் வந்தது விட்டுப் பிடித்த உயிருள்ள பூச்சிகளிலிருந்து.

ஆனால் நியாயமான விமர்சனமும் இருந்தது. கெட்டில்வெல் பூச்சிகளைப் பகலில், மரத்தின் அடித்தண்டில், நெருக்கமாக விட்டார். இயல்பில் அவை அங்கேதான் உட்காருமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல கேம்பிரிட்ஜில் மைக்கேல் மஜெரஸ் என்ற மரபியலாளர் 2001-ல் ஆரம்பித்து, ஆறு பருவம் தன் வீட்டுத் தோட்டத்திலேயே வேலை செய்தார். 4,864 பூச்சிகள். இரவில் விட்டார், அவையே இடம் தேர்ந்தெடுக்கட்டும் என்று. விடிந்ததும் பைனாகுலரை வைத்துக்கொண்டு எந்தப் பறவை எதைத் தின்கிறது என்று பார்த்தார். மரம் ஏறித் தேடியபோது, பாதிக்கு மேற்பட்டவை பக்கக் கிளைகளிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு அடித்தண்டிலும் இருந்தன. அடித்தண்டில் உட்காருவதே இல்லை என்று சொன்னவர்களும் தவறு, அங்கே மட்டும்தான் என்று நினைத்தவர்களும் தவறு. கறுப்புப் பூச்சிகள்தான் அதிகம் தின்னப்பட்டன. சுற்றுவட்டாரத்தில் கறுப்பு குறைந்துகொண்டு வந்த வேகத்துக்கு அது ஒத்துப்போனது. மஜெரஸ் 2009-ல் இறந்துவிட்டார். மற்ற ஆய்வாளர்கள் அவருடைய கணக்குகளை எடுத்து 2012-ல் வெளியிட்டார்கள்.

என்னைக் கேட்டால், ஒரு பரிசோதனையைக் குறை சொல்வதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. சண்டை போடாமல் ஆறு வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணினார்.

தன் நிறத்துக்கு ஏற்ற இடம் எது என்று பூச்சிக்கு எப்படித் தெரிகிறது?

இறக்கையில் கோலம் இருந்தால் மட்டும் போதாது, கோலம் பட்டையின் கோட்டோடு ஒத்துப்போகும்படி உட்கார வேண்டும். மரப்பட்டையின் வெடிப்புகள் மேலிருந்து கீழே ஓடும். பூச்சியின் கோடுகள் குறுக்கே ஓடினால், அது பக்கவாட்டில் படுத்தால்தான் கோடு ஒன்றோடு ஒன்று சேரும். கொரியாவில் இரண்டு வகை அந்துப்பூச்சிகளைக் கவனித்தார்கள். மரத்தில் இறங்கியதும் அப்படியே உறங்கிவிடுவதில்லை. கொஞ்சம் நடக்கிறது, உடம்பைத் திருப்புகிறது, பிறகு அடங்குகிறது. இறங்கியபோது எடுத்த படத்தையும் அடங்கிய பிறகு எடுத்த படத்தையும் மனிதர்களிடம் கொடுத்துப் பூச்சியைத் தேடச் சொன்னார்கள். இரண்டாவது படத்தில் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. பாய் விரித்த பிறகு இரண்டு தடவை புரண்டு படுத்தால்தான் நமக்குத் தூக்கம் வரும் என்பது போல, அதற்கும் ஒரு சரியான கிடை இருக்கிறது. கண்ணால் பார்த்தும், பட்டையின் மேடுபள்ளத்தைத் தொட்டுணர்ந்தும் அந்தக் கிடையை எடுக்கிறது.

புழுக்கள் இதைவிட ஆச்சரியம். மேலே சொன்ன பிஸ்டன் பெட்டுலேரியாவின் புழு, காவடி மாதிரி முதுகை வளைத்து நடக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. பின்காலால் கிளையைப் பிடித்துக்கொண்டு உடம்பை விறைப்பாக நீட்டினால் அசல் குச்சி. பச்சைக் குச்சியில் வளர்ந்தால் பச்சை, பழுப்பில் வளர்ந்தால் பழுப்பு. சில வாரங்களில் மெதுவாக மாறும். சரி, குச்சியின் நிறத்தைக் கண்ணால் பார்த்து மாறுகிறது என்றுதானே நினைப்போம்? கண்களைக் கறுப்புப் பெயிண்ட்டால் மூடிவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் சரியான நிறத்துக்கே மாறியது, தன் நிறத்துக்குப் பொருந்தும் குச்சியையே போய்ப் பிடித்தது. தோலே வெளிச்சத்தையும் நிறத்தையும் உணர்கிறது. 2019-ல் வந்த ஆய்வு. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் வீட்டு வெள்ளைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒன்று பகல் முழுக்க அப்பிக்கொண்டு இருக்கிறது. அதற்கு மறையத் தெரியாதா?

தெரியும். உங்கள் வீட்டு டியூப்லைட்தான் அதைக் கெடுத்தது.

பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சமான பக்கம் வைத்துக்கொள்ளும். கோடிக்கணக்கான வருடங்களாக இரவில் வெளிச்சமான பக்கம் என்றால் வானம். அதனால் முதுகு மேலே, கால் கீழே என்று தலைகுப்புறாமல் பறக்க முடிந்தது. நாம் பல்பைப் போட்டதும் அது பல்பின் பக்கம் முதுகைத் திருப்புகிறது, திருப்பத் திருப்ப வட்டமடிக்கிறது. வெளிச்சத்தின் மேல் ஆசை வந்து விழுகிறது என்று நாம் காலம்காலமாகச் சொல்லி வந்தது பாவம், அதற்கு ஆசையெல்லாம் இல்லை. மேல் எது கீழ் எது என்ற குழப்பம்தான். அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்து 2024-ல் வெளியிட்டார்கள். சுற்றிக் களைத்த பூச்சி கிடைத்த இடத்தில் உட்காருகிறது. விடிந்த பிறகு வேறு இடத்துக்குப் போனால் பறவை பார்த்துவிடும் என்பதால் அசையாமலேயே இருக்கிறது. கறுப்பாக, பெரிதாக, கண் மாதிரிப் பொட்டோடு இருந்தால் அது எரிபஸ் இனமாக இருக்கலாம். அதன் இடம் வேர்ச் சந்துகளும் இருண்ட பட்டைகளும். அடிக்க வேண்டாம். அந்தி சாயும்போது விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் போய்விடும். பல்லி முந்திக்கொள்ளாமல் இருந்தால்.

இறக்கைத் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடுமா?

போகாது. சின்ன வயதில் எங்களையும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள். அது விஷப்பொடி இல்லை, செதில். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி வரிசையாக அடுக்கியிருக்கும். நிறம், கோலம் எல்லாம் அந்தச் செதிலில்தான் இருக்கிறது. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் நஷ்டம் பூச்சிக்குத்தான், அதன் சட்டையையே உரித்துவிட்டீர்கள். அரிப்பு வருவது கம்பளிப்பூச்சியின் முடியால். அதிலிருந்து தள்ளி இருங்கள்.

பின் இறக்கை மட்டும் ஏன் பளிச்சென்ற நிறத்தில் இருக்கிறது? மறைவது கெட்டுப்போகாதா?

உட்காரும்போது முன் இறக்கை அதை மூடிவிடும், வெளியே தெரியாது. யூடோசிமாவைத் தொட்டுப் பாருங்கள், சருகு விரிந்து ஆரஞ்சு நிறம் பளீரென்று அடிக்கும். வட அமெரிக்காவின் கேட்டோகாலா பூச்சிகளும் இப்படித்தான், மரப்பட்டை மாதிரி முன் இறக்கை, சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கோடு போட்ட பின் இறக்கை. கொத்த வந்த பறவை ஒரு நொடி திடுக்கிட்டால் போதும், அதற்குள் பறந்துவிடும். பறந்து போய் வேறு மரத்தில் இறங்கியதும் நிறம் மறைந்துவிடும். பறவை ஆரஞ்சைத் தேடிக்கொண்டிருக்கும்.

பறவைகள் என்ன முட்டாளா? நாளடைவில் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளாதா?

கற்றுக்கொள்ளும். கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடிப் பழகியவர்போல, ஒரே மாதிரிப் பூச்சியை நாலு தடவை கண்டுபிடித்த பறவைக்கு ஐந்தாவது சுலபம். அதனால் ஒரே மாதிரி இருப்பதே ஆபத்து. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பாண்ட், கமில் என்ற இருவர், நீலக் காட்டுக்காக்கை இனத்துப் பறவைகளைக் கணினித் திரையில் பூச்சியைக் கொத்தப் பழக்கினார்கள். திரையில் இருந்தது கணினி வரைந்த பூச்சி. தப்பித்தவற்றுக்கு மட்டும் வாரிசு உண்டு. தலைமுறை தலைமுறையாக ஓடவிட்டதில் இரண்டு நடந்தது: பூச்சிகளைக் கண்டுபிடிப்பது மேலும் மேலும் கடினமானது, அதோடு ஒன்றைப் போல ஒன்று இல்லாமல் பலவிதமாகப் பிரிந்தன. என் வேட்டியில் ஒரே இனத்துப் பூச்சி பத்து வந்தால் பத்தும் வேறு வேறு சாயலில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெயர் கண்டுபிடிப்பதற்குள் எனக்குத்தான் விழி பிதுங்கும்.

குளியலறைச் சுவரில் மணல் ஒட்டின ஒரு தட்டைப் பை தானாக நகர்கிறதே, அது என்ன?

இதைக் கேட்காதவர்களே இல்லை. பூசணி விதை மாதிரி, இரண்டு முனையும் திறந்த சாம்பல் நிறப் பை. உள்ளே இருப்பது ஓர் அந்துப்பூச்சியின் புழு. பட்டு நூலால் பை பின்னி, சுவர்த் துகள், மணல், தூசி என்று கிடைத்ததை ஒட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டுச் சுவரைக் கொண்டே உங்கள் வீட்டுச் சுவர் மாதிரி ஆகிவிடும். சிலந்தி வலை, உதிர்ந்த முடி, கம்பளி நூல் இவைதான் சாப்பாடு. ஒட்டடை அடித்தால் அதுவாகவே குறையும்.

தோட்டத்தில் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட உறவு உண்டு. ஒரே அளவுக் குச்சிகளை வெட்டிக் கட்டி, விறகுக்கட்டு மாதிரி ஒரு கூட்டைச் சுமந்துகொண்டு வேலமரத்தில் தொங்கும். இலங்கையில் சிங்களத்தில் இதற்கு விறகுத்துண்டு என்று பொருள்படும் பெயர். போன பிறவியில் விறகு திருடியவர்கள்தான் இப்படிப் பிறக்கிறார்கள் என்று அங்கே ஒரு நம்பிக்கை இருந்ததை, 1845 முதல் 1850 வரை அங்கே காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் பதிவு செய்திருக்கிறார்.

இரவில் வௌவாலிடமிருந்து எப்படித் தப்பிக்கும்?

வௌவாலுக்கு நிறம் பொருட்டே இல்லை, எதிரொலியால் பார்க்கிறது. பல அந்துப்பூச்சிகளுக்குக் காது உண்டு, வௌவாலின் சத்தம் கேட்டதும் விழுந்து தப்பிக்கும். காது இல்லாத சில பெரிய பூச்சிகள், பட்டுப்பூச்சிக்குச் சொந்தக்காரர்கள், வேறு வழி வைத்திருக்கின்றன. அவற்றின் மார்பில் உள்ள அடர்ந்த ரோமம் அந்தச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. பிரிஸ்டலில் அளந்து பார்த்ததில், மேலே விழும் ஒலியாற்றலில் 85 சதவீதம் வரை உறிஞ்சப்படுகிறது என்று தெரிந்தது. ஒலிப்பதிவுக் கூடச் சுவரில் பஞ்சு ஒட்டுவார்களே, அதை உடம்பிலேயே போட்டுக்கொண்டு பறக்கிறது. பகலில் கண்ணுக்கு ஒரு சட்டை, இரவில் காதுக்கு ஒரு சட்டை.

நானும் பார்க்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது?

வெள்ளைத் துணி, ஒரு பல்பு, கொசுவத்தி இல்லாத ஓரிடம். கொசுவத்தி ஏற்றினால் பூச்சி வராது, கொசுவைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நிலவில்லாத, புழுக்கமான, ஒரு மழை பெய்து ஓய்ந்த இரவு நல்லது. ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை ஒரு கூட்டம் வரும், நள்ளிரவுக்கு மேல் வேறு கூட்டம். ஜூலை கடைசியில் உலகம் முழுக்க அந்துப்பூச்சி வாரம் என்று கொண்டாடுகிறார்கள், 2012-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. அப்போது தொடங்கினால் துணைக்கு ஆட்கள் கிடைப்பார்கள்.

ஆனால் வெள்ளைத் துணியில் பூச்சி தெரியும், அது மறைவது தெரியாது. அதற்கு விடியற்காலை எழுந்திருக்க வேண்டும். விளக்கை விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கரிச்சான் வந்து உங்கள் வேட்டியில் பந்தி உட்கார்ந்துவிடும். வெளிச்சம் வந்ததும் பக்கத்தில் உள்ள வேம்பு, புங்கை, தென்னை என்று தண்டு தண்டாகப் பாருங்கள். நேராக நின்று பார்ப்பதைவிட, மரத்தோடு முகத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் பட்டையிலிருந்து லேசாக எழும்பி நிற்கும் முதுகு தெரியும். முதல் வாரம் ஒன்றும் கிடைக்காது. எனக்கு முதலில் கிடைத்தது பதினோராவது நாள், அதுவும் நான் கையை ஊன்றியிருந்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளி.